பைரிக்குஞ்சின் காலில் நூல்

பொன்செல்விக்குக் கை சும்மா இருக்காது. கிழக்கேகோட்டை ஜவுளிக்கடை ஒன்றில் இரண்டாம் மாடி முழுவதும் அவள் பொறுப்பு. அடுக்கில் ஒரு சேலை விரலளவு வெளியே நீட்டிக்கொண்டிருந்தாலும் போகிற போக்கில் தட்டி உள்ளே தள்ளிவிடுவாள். பஸ்ஸில் முன்னால் நிற்கிற பெண்ணின் துப்பட்டா தரையில் இழுபட்டால் எடுத்து அவள் தோளில் போட்டுவிட்டு, அவள் திரும்பி முறைத்த பிறகுதான் தான் செய்ததை உணர்வாள். அப்படிப்பட்டவள் ஒருநாள் கடை விட்டு வரும்போது பஸ் படியில் கால் தவறி விழுந்தாள். கணுக்கால் எலும்பு முறிந்து, முழங்கால்வரை மாவுக்கட்டோடு ஸ்ரீவராகத்து வாடகை வீட்டின் மாடியில் உட்காரும்படி ஆயிற்று.

அவள் விழுந்தது, ஊர்ப் பெண்களெல்லாம் தெருவிலேயே அடுப்பு மூட்டி அம்மனுக்குப் பொங்கலிடுகிற ஆற்றுகால் பொங்கலைக்கு முந்தின வாரம். வருஷம் தவறாமல் தெருவில் அடுப்புக் கூட்டுகிறவள், இந்த வருஷம் பொங்கலையன்று ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, எங்கிருந்தோ வந்த பெண்கள் தன் வீட்டு வாசலில் செங்கல் அடுக்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒருத்தி பானையைக் கோணலாக வைத்தாள். பொங்கி வழிந்தால் அடுப்பு அணைந்துவிடும் என்று பொன்செல்வி மேலிருந்து சொன்னாள். புகையிலும் கூட்டத்திலும் அது யார் காதிலும் விழவில்லை.

அவள் கணவன் பகவதிப்பெருமாள் தம்பானூர் லாட்ஜ் ஒன்றில் ராத்திரி வரவேற்பு மேசையில் இருப்பவன். காலையில் வந்து கஞ்சி குடித்துவிட்டுப் படுத்தால் மத்தியானம்வரை அசையமாட்டான். எழுந்ததும் அவளுக்கு வேண்டியதை முகம் சுளிக்காமல் செய்வான். ஆனால் தட்டைக் கழுவிக் கவிழ்க்காமல் வைப்பான், துணியை உதறாமல் காயப்போடுவான். சொன்னால், "கெடக்கட்டு பிள்ளே, காயத்தானே போவுது" என்பான். மாவுக்கட்டுக்குள் ஊறுகிற நமைச்சலைவிட அந்த வார்த்தைதான் அவளைப் படுத்தியது.

பொழுதுபோகட்டும் என்று கடையில் கூட வேலை பார்க்கிற பிரேமா ஒரு லிங்க் அனுப்பினாள். வழக்கில் மாட்டிப் பாதியில் நின்றுபோன பத்து மாடிக் கட்டடம் ஒன்றின் உச்சியில், வெளியே நீட்டிய சிமெண்டு விளிம்பில், ஒரு ஜோடிப் பைரி முட்டையிட்டிருந்தது. பறக்கிற புறாவை ஆகாயத்திலேயே அடித்துப் பிடிக்கிற வேட்டைப் பறவை அது. கூடு கட்டத் தெரியாது. மண்ணோ சரளையோ படிந்த இடத்தில் குழி பறித்து முட்டையிடும். மலையாளிகள் புள்ளு என்பார்கள். நகரத்துப் பறவை ஆர்வலர் சங்கம் ஒன்று அனுமதி வாங்கி அங்கே கேமரா பொருத்தி, நாள் முழுக்க நேரலையாக இணையத்தில் காட்டிக்கொண்டிருந்தது.

பொன்செல்விக்குச் சிரிப்பு வந்தது. அந்தக் கட்டடத்தைத்தான் அவள் சோறு வடிக்கும்போதெல்லாம் அடுக்களை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். நடுவில் பூட்டிக் கிடக்கும் ஒரு மரக்கடையும் அதன் தகரக் கூரையும்தான். ஆனால் அவளுக்குத் தெரிவது கட்டடத்தின் முதுகு. பைரி இருந்தது அந்தப் பக்கம், கடலைப் பார்த்து.

முதல் இரண்டு நாள் சும்மா பார்த்தாள். பிறகு குறைகள் கண்ணில் படத் தொடங்கின. கேமராவைச் சாய்வாக வைத்திருந்தார்கள். துருப்பிடித்த கம்பி ஒன்று படத்தில் பாதியை மறைத்தது. பறவை அடைகாக்கிற குழி அந்தக் கம்பிக்குப் பின்னால். கொஞ்சம் இடதுபக்கம் திருப்பினால் போதும். ஒரு வாரத்தில் சிலந்தி ஒன்று லென்ஸில் வலை பின்னியது. காற்றடித்தால் வலை ஆடி, படம் முழுவதும் தண்ணீருக்குள் இருப்பதுபோல் நெளிந்தது. துடைக்கத் துணியெடுத்துத் தன் போன் திரையைத்தான் துடைத்தாள், இரண்டு தடவை. எல்லாவற்றுக்கும் மேல், நேரலை என்றார்களே தவிர அது அரை நிமிடம் பின்தங்கி வந்தது. பெண் பைரி புறாவைக் காலில் இடுக்கிக்கொண்டு கட்டடத்தைச் சுற்றி மறைவதை ஜன்னலில் பார்த்துவிட்டுத் திரையைப் பார்த்தால், விளிம்பு வெறுமையாக இருக்கும். காத்திருக்கவேண்டும். நடந்து முடிந்ததற்குத் தான் காத்திருப்பதை நினைத்தால் எரிச்சலாக இருக்கும்.

படத்துக்குக் கீழே பார்க்கிறவர்கள் எழுதலாம். மலையாளத்திலும் இங்கிலீஷிலும் எழுதிக் குவித்தார்கள். முக்கால்வாசி இதயப் படங்கள். பொன்செல்வி தமிழிலேயே எழுதினாள். கேமராவைத் திருப்புங்கள், வலையைத் துடையுங்கள் என்று தினமும் எழுதியதில், சங்கத்து ஆள் ஒருவன் நம்பர் கேட்டு வாங்கிக் கூப்பிட்டான். பெயர் வினீத். கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை, பாக்கி நேரமெல்லாம் பறவைகளோடு. முட்டை இருக்கும்போது மேலே ஏறினால் பறவை விட்டுப் போய்விடும், அதனால் ஒன்றும் செய்வதற்கில்லை என்று மலையாளத்தில் பொறுமையாக விளக்கினான். அவன் சொன்னது நியாயமாக இருந்ததே அவளுக்குப் பிடிக்கவில்லை.

பிறகு மழை ஒன்று அடித்து வலையைக் கழுவிக்கொண்டு போனது. குஞ்சுகள் பொரித்தன, இரண்டு. பஞ்சு உருண்டைகள்போல நடுங்கிக்கொண்டிருந்தவை, தாய் இறைச்சியைக் கிழித்து ஊட்ட ஊட்ட, பார்த்திருக்கும்போதே பெருத்தன. பார்வையாளர்கள் ஓட்டுப்போட்டுப் பெயர் வைத்தார்கள். பொன்செல்வி அந்தப் பெயர்களைச் சொல்லமாட்டாள். மூத்தது, இளையது, அவ்வளவுதான். மூத்தது முண்டியடித்து முதலில் தின்னும். இளையது பின்னால் நின்று தலையை ஆட்டும். அவள் திரையைப் பார்த்து, "தள்ளி நில்லு, அதுக்கும் குடு" என்று சொல்லிக்கொண்டிருந்தது அடுத்த அறையில் தூங்குகிறவனுக்குக் கேட்டது. அவன் எழுந்து வந்து யாரிடம் பேசுகிறாய் என்று கேட்டான். அவள் போனை அவன் பக்கம் திருப்பிக் காட்டினாள்.

மாவுக்கட்டை எடுக்கவேண்டிய நாளில் டாக்டர் எக்ஸ்ரே படத்தைப் பார்த்துவிட்டு எலும்பு சரியாகக் கூடவில்லை என்றார். திரும்பவும் கட்டு. வீட்டுக்கு வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்தாள்.

சித்திரை விஷுவுக்குச் சில நாள் இருக்கும்போதுதான் அது நடந்தது. ஆண் பைரி கொண்டுவந்த புறாவின் காலில் நீலமாக ஒன்று தொங்கியது. ஊரில் புறாக்களின் காலில் நூல் சுற்றிக் கிடப்பது புதிதல்ல. குஞ்சுகளுக்கு அதற்குள் பஞ்சு உதிர்ந்து இறகு முளைத்திருந்தது. தாங்களே கிழித்துத் தின்றன. தின்று முடித்து இளையது நகர்ந்தபோது புறாவின் காலும் கூடவே இழுபட்டு வந்தது. பொன்செல்வி போனைக் கண்ணருகே கொண்டுபோனாள். நூல் இளையதன் காலில் சுற்றி, மறுமுனை அந்தத் துருக்கம்பியில் மாட்டியிருந்தது.

உடனே எழுதினாள். ஒருவர் அது நிழல் என்றார். ஒருவர் இறகுத்தண்டு என்றார். ஒரு பெண்மணி, இயற்கையை அதன் போக்கில் விடுங்கள் என்று கைகூப்பிய படத்தோடு போட்டாள். பொன்செல்வி வினீத்தைக் கூப்பிட்டாள். அவனும் பார்த்திருந்தான்.

"நூலாயிருக்கலாம் சேச்சி. உறப்பாச் சொல்ல முடியாது" என்றான். "சத்தியம் சொல்லாம்லோ, இந்தப் பருவத்தில ஆளு மேலே கேறினா அவை பயந்து கீழே சாடிரும். பறக்க இன்னும் ஒரு வாரமாவது வேணும். ஒண்ணைக் காப்பாத்தப்போய் ரெண்டும் போயிட்டா?"

"அப்போ அந்த ஒண்ணு கட்டிப்போட்ட மாதிரி கெடந்து சாவணுமா?"

அதுவே கழன்றுவிடக்கூடும், இரண்டு நாள் பார்ப்போம் என்றான். இரண்டு நாளும் பொன்செல்வி பார்த்தாள். இளையது இறக்கையை அடித்து எழும்பும்; நூல் சுண்டி இழுக்க முகம் குப்புற விழும். மூத்தது விளிம்பில் நடை பழகியது. இரை வந்தால் மூத்தது ஓடிப்போய் வாங்கிக்கொண்டது. இளையதுக்கு எட்டின தூரத்தில் விழுந்ததுதான் அதற்கு. இரண்டாம் நாள் மத்தியானம் அதன் கால் மற்றதைவிடத் தடித்திருந்ததுபோல் அவளுக்குப் பட்டது. கம்பி மறைத்ததால் நிச்சயமாகச் சொல்லவும் முடியவில்லை. கையெட்டும் தூரத்தில் இருப்பதுபோல் தெரிந்தது. ஒரு கத்தரிக்கோல் போதும். அவள் விரல்கள் திரைமேல் போய்ப் போய் நின்றன, தொட்டபோதெல்லாம் படம் நின்று மறுபடி ஓடியது.

பகவதிப்பெருமாளை எழுப்பினாள். அங்கே போகவேண்டும் என்றாள். அவன் கண்ணைக் கசக்கிக்கொண்டு, போய் என்ன செய்வாய் என்றான். நியாயமான கேள்விதான். அதனாலேயே அவளுக்கு அழுகை வந்துவிட்டது. அவன் மறுபேச்சு பேசாமல் ஆட்டோ கூட்டிவந்தான். மாடிப்படியில் உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கி, தெருவைச் சுற்றிப் போய்க் கட்டடத்தின் முன் இறங்கினார்கள். காவலாளி ராஜையன் கேட்டைத் திறக்க மறுத்துவிட்டார். லிப்ட் இல்லை, பாதிப் படிக்குக் கைப்பிடி இல்லை, போலீஸ் பூட்டியிருக்கிறது, தன்னால் முடியாது என்றார். குரலில் கடுமை ஒன்றும் இல்லை. அவளுக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலிகூட எடுத்துப் போட்டார். பொன்செல்வி உட்காராமல், கழுத்து வலிக்க மேலே பார்த்தாள். அடியிலிருந்து பார்த்தால் அந்த விளிம்பே தெரியவில்லை. வீட்டு நாற்காலியிலிருந்து பார்த்த அளவுகூட இங்கே வந்து பார்க்க முடியவில்லை.

"வா பிள்ளே" என்றான் பகவதிப்பெருமாள்.

வீட்டுக்கு வந்ததும் அவள் அதைச் செய்தாள். கடையில் தள்ளுபடி விற்பனைக்கு விளம்பரம் எழுதிப் பழகிய கை. நூல் தெளிவாகத் தெரிகிற நாலு படங்களை எடுத்து, சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டு, 'கேமரா வைத்தவர்கள் வேடிக்கை பார்க்கிறார்கள், குஞ்சு சாகிறது' என்று தமிழிலும், பிரேமாவிடம் கேட்டு மலையாளத்திலும் எழுதிப் போட்டாள். சாயங்காலத்துக்குள் அது எங்கெல்லாமோ போய்விட்டது. யார் யாரோ சங்கத்தைத் திட்டினார்கள். ஒரு சேனல்காரர் அவள் வீட்டு வாசல்வரை வந்தார். அடுத்த நாள் காலையில் வினீத் கூப்பிட்டு, அனுமதி கிடைத்துவிட்டது, மேலே போகிறோம் என்றான். அவன் குரலில் பழைய மரியாதை இருந்தது. பழைய சிநேகம் இல்லை. அவளுக்கு அது உறைத்தாலும் ஜெயித்த சந்தோஷத்தில் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அடுக்களை ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டு, போனைச் சர்க்கரை டப்பாவில் சாய்த்துவைத்தாள். கணவனையும் தூங்கவிடாமல் பக்கத்தில் நிறுத்திக்கொண்டாள். மேல்தளத்தில் தொப்பி வைத்த இரண்டு தலைகள் தெரிந்தன. கயிறு இறக்கினார்கள். பெண் பைரி அவர்கள் தலைக்கு மேலே கத்திக்கொண்டு சுற்றியது. அந்தக் கத்தல் ஜன்னல் வழியாக நேராகக் கேட்டது. திரையில் எல்லாம் அமைதியாக இருந்தது. மூத்தது விளிம்பு ஓரத்தில் கழுத்தைச் சொறிந்துகொண்டு நின்றது.

அப்போது கட்டடத்தின் மூலையைச் சுற்றிப் பழுப்பாக ஒன்று வந்தது. இறக்கையை அடித்தது என்று சொல்லமுடியாது, விரித்துக்கொண்டு சரிந்தது. ஒருபக்கமாகச் சாய்ந்து, சுழன்று, மரக்கடைக் கூரை முகட்டுக்கு அந்தப் பக்கம் தாழ்ந்து மறைந்தது. தகரத்தில் பொத்தென்று ஓசை.

பொன்செல்வி திரையைப் பார்த்தாள். மூத்தது இன்னும் விளிம்பில் நின்று கழுத்தைச் சொறிந்துகொண்டிருந்தது. தலையைத் தூக்கி மேலே பார்த்தது. ஓரடி பின்வாங்கியது. "வேண்டாம்" என்றாள் பொன்செல்வி. "வேண்டாம் மக்கா, சாடாதே." மேலேயிருந்து ஒரு பூட்ஸ் கால் படத்துக்குள் இறங்கியது. மூத்தது திரும்பிப் பார்த்துவிட்டுக் குதித்தது. அவள் போனைக் கவிழ்த்து வைத்தாள்.

பிறகு பகவதிப்பெருமாள் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, மொட்டைமாடிக்கு ஏறிப் பார்த்தான். அங்கிருந்தே சொன்னான்.

"உயிரோட இருக்கு பிள்ளே. கூரை மேல உக்காந்து முழிக்கி."

வினீத்துக்குச் சொல்லவேண்டியவள் அவள்தான். மேலே இருந்தவர்களுக்கு அது எந்தப் பக்கம் போனது என்றே தெரிந்திருக்கவில்லை. அவன் மூச்சிரைக்க வந்தான். முதல்முறையாக நேரில் பார்க்கிறாள், அவள் நினைத்ததைவிடச் சின்னவன், கையெல்லாம் சிராய்ப்பு. மொட்டைமாடிக்குப் போய்த் தொலைநோக்கியில் வெகுநேரம் பார்த்துவிட்டு இறங்கி வந்தான். இறக்கை முறியவில்லை, பிடிக்கப் போனால் திரும்பவும் எங்காவது பாயும், தாய் தேடி வந்தால் அங்கேயே வைத்து ஊட்டும் என்றான். நூலை அறுத்து இளையதை மீட்டுவிட்டார்கள். ஆனால் நூல் சதைக்குள் இறங்கியிருந்தது. சிகிச்சைக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். ஒருவேளை இரண்டு விரல் போகும்.

"நேத்தே ஏறியிருந்தா?" என்றாள் பொன்செல்வி.

"விரல் தப்பியிருக்கலாம். ஏறாமலே இருந்தா மூத்தது ஒழுங்காப் பறந்திருக்கும்." அவன் யோசித்தான். "எனக்கும் அறியில்லா சேச்சி."

திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டியிருப்பாள். அவன் சட்டையில் ஒட்டியிருந்த சிமெண்டுத் தூசியைத் தட்டிவிட்டாள். போகும்போது அவன் ஒன்று கேட்டுக்கொண்டான். மூத்தது இங்கே இருப்பதை யாரிடமும் சொல்லக்கூடாது. தெரிந்தால் ஊரே போனைத் தூக்கிக்கொண்டு இந்தச் சந்துக்கு வந்துவிடும்; அது மிரண்டு ரோட்டில் போய் விழும்.

பொன்செல்வி ஒத்துக்கொண்டாள். அது எவ்வளவு கஷ்டம் என்பது அன்று சாயங்காலமே தெரிந்தது. வெறுமையான விளிம்பைத்தான் கேமரா காட்டிக்கொண்டிருந்தது. நேற்று அவளைப் புகழ்ந்தவர்கள் இன்று, இரண்டு குஞ்சையும் கொன்றவள் இவள்தான் என்று எழுதினார்கள். இயற்கையை அதன் போக்கில் விடச் சொன்ன பெண்மணி, நான் அன்றைக்கே சொன்னேன் என்று மறுபடியும் கைகூப்பியிருந்தாள். பொன்செல்வி வேலை பார்க்கிற கடையின் பெயரைத் தேடிப்பிடித்து ஒருவன் போட்டிருந்தான். பொன்செல்வி நீளமாகப் பதில் எழுதினாள். 'உயிரோடு இருக்கிறது, என் வீட்டு ஜன்னலிலிருந்து தெரிகிறது' என்று எழுதி, படமும் சேர்த்தாள். பிறகு ஒவ்வொரு எழுத்தாக அழித்தாள். மறுநாளும் எழுதி அழித்தாள். வாயை மூடிக்கொண்டிருப்பது அவளுக்கு மாவுக்கட்டைவிடப் பெரிய கட்டாக இருந்தது.

தாய் முதல் நாள் வரவில்லை. குஞ்சு தகரத்தின் சூட்டில் வாயைப் பிளந்துகொண்டு, முகட்டுக்கு இந்தப் பக்கம், மாமரத்தின் நிழல் விழுகிற மூலையில் வந்து ஒண்டியது. காக்கைகள் கூடின. ஒன்று வாலைப் பிடித்து இழுத்தது. பொன்செல்வி ஜன்னல் கம்பியில் கரண்டியால் அடித்துப் பார்த்தாள். காக்கைகள் பறந்து திரும்பவும் வந்தன. மறுநாள் காலையில் கணவன் அப்போதுதான் வேலையிலிருந்து வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தான். காற்றைக் கிழிப்பதுபோல் ஓர் ஓசை. அவள் பார்த்தது ஒரு கோடு மட்டும்தான். ஒரு காக்கை இறகு சிதறக் கீழே விழுந்தது, மற்றவை இருந்த இடம் தெரியவில்லை. பெண் பைரி கூரை முகட்டில் இறங்கி, காலில் இருந்த கிளியைக் கீழே வைத்தது. குஞ்சு தட்டுத்தடுமாறி ஓடிப் போய் வாங்கியது. பொன்செல்வி கணவனின் கையை நகம் பதியப் பிடித்துக்கொண்டிருந்தாள். அரை நிமிடம் காத்திருக்கத் தேவையில்லை, கம்பி மறைக்கவில்லை. பார்த்ததை வெளியே சொல்லத்தான் வழியில்லை.

அடுத்த சில நாள் அவள் அடுக்களையை விட்டு நகரவில்லை. குஞ்சு கூரையில் ஓடும், குதிக்கும், இறக்கையை அடித்து ஒரு முழம் எழும்பி, வழுக்கி விழும். கடைசிப் பஞ்சும் உதிர்ந்தது. இன்றைக்கோ நாளைக்கோ பறந்துவிடும் என்று வினீத் போனில் சொன்னான். இளையதன் இரண்டு விரலை எடுத்துவிட்டார்கள் என்றும் சொன்னான். பார்க்க வரலாமா என்று கேட்டாள். ஆட்களைப் பார்த்துப் பழகிவிட்டால் அதற்குக் கெடுதி, அதனால் யாரையும் விடுவதில்லை என்றான். அதற்கும் சரி என்றாள்.

மாவுக்கட்டு எடுக்கிற தேதி அப்போது பார்த்து வந்தது. தள்ளிப்போடலாம் என்றாள். பகவதிப்பெருமாள் அன்றுதான் முதல்முறையாகக் குரலை உயர்த்தினான். நான் ஜன்னலை விட்டு அசையமாட்டேன், சத்தியம், நீ போ என்றான். பிரேமா லீவு போட்டு வந்து ஆட்டோவில் கூட்டிப்போனாள். ஆஸ்பத்திரியில் கூட்டம். கட்டை அறுத்து எடுத்தபோது கால் வற்றி, யாருடைய காலோபோல் இருந்தது. அதைச் சரியாகக்கூடப் பார்க்காமல், வீட்டுக்குப் போன் போட்டாள். அவன் எடுக்கவில்லை.

திரும்பி வந்து, கைத்தடியை ஊன்றி ஒவ்வொரு படியாக ஏறினாள். பகவதிப்பெருமாள் அடுக்களையில் நின்றுகொண்டிருந்தான். கூரையில் ஒன்றும் இல்லை.

"போயிட்டு" என்றான்.

"எப்போ?"

"நீ போயி கொஞ்ச நேரத்துல."

"எப்படிப் போச்சு? சொல்லுங்கோ."

"எப்படின்னா? பறந்து போச்சு."

"அய்யோ, மொதல்ல என்ன செஞ்சுது? எந்தப் பக்கம் பாத்து நின்னுது? தள்ளாடிச்சா? தாய் பக்கத்துல இருந்துதா?"

அவன் தலையைச் சொறிந்தான். மொட்டைமாடிக்கு ஏறி அது கண்ணிலிருந்து மறையும்வரை பார்த்ததாகவும், போன் அடித்தது அதனால்தான் கேட்கவில்லை என்றும் சொன்னான். முகட்டில் நின்றது, பிறகு போனது, கோட்டைப் பக்கமாகப் போனது. அவ்வளவுதான் அவனுக்குச் சொல்லத் தெரிந்தது. பொன்செல்வி நாற்காலியில் உட்கார்ந்து, திரும்பவும் முதலிலிருந்து சொல்லச் சொன்னாள். இரண்டாம் தடவை சொல்லும்போது, கிளம்புவதற்கு முன்னால் அது ஒரு காலைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றது என்று சேர்த்தான். எந்தக் கால் என்று கேட்டாள். அவனுக்கு ஞாபகமில்லை.

"நல்லா ரோசிச்சுச் சொல்லுங்கோ" என்றாள்.